போனில் என் பெயரைச் சொல்ல வருகிறதில்லை. கொன்னை உள்ளவர்கள் வேலையிடத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கடலோரக்காற்று எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 26. வெள்ளவத்தையில் வீடு, கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. ஐந்து வயதிலிருந்தே கொன்னை இருக்கிறது. திக்குவாய் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் வீட்டில் எல்லோரும் கொன்னை என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அதுதான் வருகிறது. சிலருக்கு முதல் எழுத்து திரும்பத் திரும்ப வரும். எனக்கு அப்படி இல்லை, அடைத்துக்கொள்ளும். வாய் திறந்திருக்கும், தொண்டை இறுகியிருக்கும், சத்தம் வராது. மூன்று நான்கு வினாடிதான் இருக்கும். ஆனால் எதிரே நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவ்வளவு நேரம் போதும்.

இவ்வளவு காலமும் சொல்லை மாற்றிச் சொல்லித்தான் ஓட்டியிருக்கிறேன். கொழும்பில் வளர்ந்தவனுக்கு மூன்று மொழி இருக்கிறதே. "காசு" அடைக்கப் போகிறது என்று தெரிந்தால் "சல்லி" என்பேன், அதுவும் சரிவராது போலிருந்தால் "பேமென்ட்" என்பேன். நான் ஸ்டைலுக்குக் கலந்து கதைப்பதாக நண்பர்கள் நினைக்கிறார்கள். சாப்பாட்டுக் கடையில் கொத்து சாப்பிட ஆசையாக இருக்கும், "கொ" வராது, இடியப்பப் பார்சலோடு வீட்டுக்கு வருவேன். பஸ்ஸில் இன்னும் மோசம். 100ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டர் "கொஹேத?" என்று கேட்கும்போது "வெள்ளவத்தை" என்று சொல்ல வராது, "சவோய்" என்று சொன்னால் வழுக்கிக்கொண்டு வரும். அதனால் சவோய் தியேட்டரடியில் இறங்கி ராமகிருஷ்ண வீதி வரைக்கும் நடப்பேன். மழை பெய்தாலும் நடப்பேன். ஆறு வருடமாக இப்படித்தான், அம்மாவுக்குக்கூடத் தெரியாது, நடப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் பெயரை மாற்ற முடியாது. என் பெயர் "க"வில் தொடங்குகிறது, மூன்று மொழியிலும் அதே "க"தான்.

விஷயம் என்னவென்றால், அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் நான் வாடிக்கையாளர்களுக்குப் போன் எடுத்து நிலுவையில் உள்ள ஆவணங்களைக் கேட்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். போன வியாழன் ஒத்திகை மாதிரி ஒரு அழைப்பு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பெயரில் அடைத்தது. அந்தப் பக்கத்தில் "ஹலோ, ஹலோ, லைன் சரியில்லை" என்று வைத்துவிட்டார்கள். திரும்ப எடுத்தேன், திரும்பவும் அதேதான். மூன்றாம் முறை எடுக்கவில்லை, மின்னஞ்சல் அனுப்பினேன். மேலாளர் கேட்டபோது அவர்கள் போனை எடுக்கவில்லை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு கொன்னையைவிட அந்தப் பொய்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடுவேன், ஒரு தடங்கலும் வராது. தனியே அறையில் கதைத்தாலும் வராது. அதைப் பார்த்துவிட்டு மாமி "உனக்கு வாயில் ஒன்றும் இல்லை, மனதில்தான் பயம், தைரியமாக இரு" என்கிறார். அப்படியா? தைரியமாக இருந்தால் போய்விடுமா? அலுவலகத்தில் சொல்லலாமா, சொன்னால் வேலைக்கு ஏதும் வருமா? போனில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.


கொட்டாஞ்சேனையான் எழுதியது:

தம்பி, சவோயில் இறங்கி நடப்பதை வாசித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு 51 வயது. 20 வயதில் நானும் புறக்கோட்டையில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மருதானையில் இறங்கி நடந்தவன். இதை வேறு யாரும் செய்திருப்பார்கள் என்று இன்றுவரை நினைத்ததில்லை.

என் கதையைச் சொல்கிறேன், நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஏழு வயதில் அப்பா கூழாங்கல்லை வாயில் போட்டுக் கதைக்கச் சொல்லி முகத்துவாரம் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். கிரேக்கத்தில் டெமொஸ்தெனீஸ் என்று ஒருவர் அப்படிச் செய்து பெரிய பேச்சாளர் ஆனாராம், யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்பா அன்பாகத்தான் செய்தார். எனக்கு வாய் புண்ணானது, கொன்னை அப்படியே இருந்தது. அப்பாவிடம் பழைய இலங்கைக் காசுகள் ஒரு டப்பா இருந்தது, அதிலே ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட சதக் காசுகள் நிறைய. அந்த மன்னருக்கும் கொன்னை, லயனல் லோக் என்ற அவுஸ்திரேலியர் ஒருவர் அவருக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தார் என்று நான் தெரிந்துகொண்டது நாற்பது வயதுக்குப் பிறகு. சின்ன வயதில் யாராவது அந்தக் காசைக் காட்டி இதைச் சொல்லியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2007இல் கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். ஒரு நாள் கடை பூட்டிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வந்துகொண்டிருந்தேன். நிறுத்தினார்கள். அடையாள அட்டையைக் கொடுத்தேன். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டார். எனக்கு அடைத்தது. முகவரியைக் கேட்டார். அதுவும் அடைத்தது. சொந்தப் பெயரைச் சொல்ல இவ்வளவு யோசிக்கிறான் என்றால் அட்டை இவனுடையது இல்லை என்று அவர் நினைத்துவிட்டார். அவருடைய இடத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும் என்று இப்போது விளங்குகிறது, அன்றைக்கு விளங்கவில்லை. அவர் குரலை உயர்த்த உயர்த்த எனக்கு இன்னும் இறுகியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தெருவோரத்தில் குந்த வைத்தார்கள். பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி தற்செயலாக அந்த வழியே வந்து "இவருக்கு நான் அறிந்த நாளிலிருந்து இப்படித்தான்" என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

அடுத்த நாள் மனைவி ஒரு சின்ன அட்டையில் சிங்களத்தில் எழுதினாள். எனக்குத் திக்குவாய் இருக்கிறது, பெயர் இது, முகவரி இது, வேலை செய்யும் கடை இது. லெமினேட் பண்ணி அடையாள அட்டையோடு சேர்த்து வைத்தேன். போர் முடியும் வரைக்கும், அதாவது 2009 மே வரைக்கும், அதை இரண்டே இரண்டு தடவைதான் எடுத்துக் காட்டினேன். மற்ற நாட்களில் எல்லாம் எப்படியோ பெயர் வந்தது. திக்கித்தான் வந்தது, ஆனால் வந்தது. சட்டைப் பையில் அது இருக்கிறது என்ற நினைப்பே தொண்டையைக் கொஞ்சம் தளர்த்தியது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அட்டையை வாயால் சொல்லப் பழகினேன். சிங்களத்தில் "மட்ட கொத கெஹெனவா, பொட்டக் இன்ன" என்பேன். எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள், அவ்வளவுதான். அந்த வசனமே திக்கும், பரவாயில்லை, அதுவே அத்தாட்சி. கடைக்கு ஆணி, கம்பி, பெயின்ட் எடுக்க நாளுக்கு இருபது அழைப்பாவது எடுப்பேன். இப்போது மொத்த வியாபாரிகள் என் பெயர் வர முன்னமே என்னை அடையாளம் கண்டுகொள்கிறார்கள், "ஆ அண்ணை, ஆறுதலாகச் சொல்லுங்கள்" என்பார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறேன்.

மேலாளரிடம் சொல்லுங்கள் தம்பி. முக்கியமாக அந்த வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அது உங்களுக்குள்ளேயே கிடக்கும்.


மொழிமுற்றம் எழுதியது:

நான் பேச்சு சிகிச்சையாளர், அரச மருத்துவமனை ஒன்றில் வேலை. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், ராகமையில், படித்தேன். மேலே அண்ணை எழுதியதை என்னிடம் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

தம்பி, முதலில் மாமியின் கேள்வி. பயத்தால் திக்குவாய் வருவதில்லை. பேச்சை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று நேரம் சேர்ந்து இயங்குவதில் உள்ள சின்ன வேறுபாடு அது, குடும்ப வழியாகவும் வரும். 2010இல் அதனோடு தொடர்புடைய மரபணுக்கள் சிலவற்றை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள், பிறகு இன்னும் சில வந்திருக்கின்றன. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கிறார்கள், பெண் ஒருவருக்கு ஆண்கள் நான்கு பேர் என்ற கணக்கில். பயம் அதைத் தொடங்கி வைக்காது. ஆனால் தொடங்கிய பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே "தைரியமாக இரு" என்பது மூக்குக்கண்ணாடி போடுகிறவரைத் தைரியமாகப் பார் என்று சொல்வது போலத்தான்.

தேவாரத்தில் ஏன் வருவதில்லை? சொற்கள் உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம், எதைச் சொல்வது என்று அந்தக் கணத்தில் தேட வேண்டியதில்லை. பண் நேரத்தைப் பிடித்துத் தருகிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன, குரல் அறுபடாமல் ஓடுகிறது. யாரோடாவது சேர்ந்து ஒரே குரலில் வாசித்தாலும் திக்குவாய் உள்ள பெரும்பாலானோருக்குத் திக்காது, முயன்று பாருங்கள். உங்கள் வாயும் நாக்கும் நன்றாக இருக்கின்றன என்பதற்குத்தான் அது சாட்சி. நீங்கள் நடிக்கிறீர்கள் என்பதற்கு அல்ல.

இனி அடைப்பு. "க" சொல்ல நாக்கின் பின்பகுதி மேலே போய் அண்ணத்தைத் தொட வேண்டும். மெல்லத் தொட்டு விட்டால் போதும். அடைக்கப் போகிறது என்று தெரிந்ததும் நீங்கள் அழுத்துகிறீர்கள், குரல் நாண்களும் இறுகி மூடிக்கொள்கின்றன, மூடிய கதவை இன்னும் தள்ளுகிறீர்கள். அங்கே செய்ய வேண்டியது தள்ளுவதை நிறுத்துவது. அந்தச் சொல்லை விட்டு ஓடாமல், பின்னால் போய்த் திரும்பத் தொடங்காமல், அடைப்புக்குள்ளேயே நின்று, நாக்கில் உள்ள அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மூச்சை மெல்ல விட்டு, அடுத்த உயிரெழுத்துக்கு வழுக்கிப் போவது. சார்ள்ஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கர் வகுத்த முறை இது, அவருக்கே கடுமையான திக்குவாய் இருந்தது. வாசிக்க இலகுவாக இருக்கும், வாயில் வர மாதக்கணக்காகும். தொடங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன்: வீட்டில், அடைக்காத சொற்களில், வேண்டுமென்றே திக்குங்கள். "க-க-கதவு", "க்க்க்கடை". முகத்தில் இறுக்கம் இல்லாமல், நீங்களே நினைத்துத் திக்க வேண்டும். பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் நீங்கள் விரும்பித் தொடங்கி விரும்பி நிறுத்தும் திக்கல் ஒன்று வாயில் இருந்தால், தானாக வரும் திக்கலின் மேல் உள்ள பயம் மெல்லக் குறையும்.

போன் ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், நேரில் உங்கள் முகம் தெரியும், சொல்ல முயல்கிறார் என்று எதிரே உள்ளவருக்கு விளங்கும். போனில் அவருக்குக் கிடைப்பது வெறும் மௌனம். மௌனம் என்றால் லைன் கோளாறு, அவரவர் பழக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். உங்கள் மேல் கோபத்தில் அல்ல. ஆகவே முதலில் ஏதாவது ஒரு சத்தம் போக வேண்டும். "வணக்கம், லைன் சரியாகத்தான் இருக்கிறது, எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் தாருங்கள்" என்று ஒரு வசனத்தை மூன்று மொழியிலும் தயார் செய்து வையுங்கள். பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

மூன்று மொழி பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்கு மிக முக்கியமாகப்பட்டது. ஜோசப் ஷீகன் என்பவர் திக்குவாயைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். வெளியே கேட்கும் திக்கல் மேலே தெரியும் சின்னத் துண்டு. வெட்கமும் பயமும் ஒளிப்பும் தண்ணீருக்குக் கீழே. கொழும்புத் தமிழருக்கு ஒளிப்பதற்கு வசதி அதிகம், கையில் மூன்று அகராதி இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் சிலர் ஒருநாளும் திக்கி நான் கேட்டதே இல்லை, அவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்லை மாற்றுவார்கள், ஆனால் மாலையில் வீடு போய்ச் சேரும்போது கல் சுமந்தவர்கள் போல களைத்திருப்பார்கள். நீங்கள் மொழியை மாற்றுவது எதிரே உள்ளவருக்காகவா, திக்கலுக்குப் பயந்தா என்று ஒவ்வொரு முறையும் உங்களுக்கு நன்றாகத் தெரியும். பயந்து மாற்றுவதை ஒரு நாளைக்கு ஒன்று என்று குறையுங்கள். முதலில் கொத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் பேச்சு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளர் பிரிவில் காட்டிப் பரிந்துரை வாங்கிப் போகலாம். தமிழில் சிகிச்சை செய்யக்கூடியவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள், எங்கள் தொகை இன்னும் குறைவுதான், அதை நினைத்தால் எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதைக் குணமாக்க மாத்திரை ஏதும் இல்லை. இத்தனை நாளில் குணமாக்குகிறேன் என்று காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள்.


மழைநாள் எழுதியது:

நான் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன், அண்ணை கோபிக்க வேண்டாம்.

எனக்கு 29, தெஹிவளை. எனக்கும் திக்கும். சிகிச்சையாளர் அக்கா சொன்ன அந்த ஒற்றைப் பெண் நான்தான், என் வாழ்க்கையில் திக்கும் இன்னொரு பெண்ணை நேரில் சந்தித்ததில்லை. என் வேலையே போனில்தான், வாடிக்கையாளர் முறைப்பாடு கேட்பது. ஒரு காலத்தில் ஒவ்வொரு அழைப்பிலும் முதலிலேயே "மன்னிக்கவும், எனக்குத் திக்கும்" என்று சொல்வேன். ஒரு வருடம் சொன்ன பிறகு எனக்கே உறைத்தது, நான் நாளுக்கு ஐம்பது தடவை மன்னிப்புக் கேட்கிறேன். யாருக்கு என்ன செய்தேன்? அதற்குப் பிறகு மன்னிக்கவும் என்ற சொல்லைத் தூக்கினேன். இப்போது பெரும்பாலும் ஒன்றுமே சொல்வதில்லை. திக்குகிறேன், அவர்கள் காத்திருக்கிறார்கள், கதை போகிறது. லைன் சரியில்லையா என்று கேட்டால் மட்டும் "இல்லை, நான் திக்கிக் கதைப்பேன்" என்பேன், அவ்வளவுதான்.

எங்கே சொல்ல வேண்டும், எங்கே தேவையில்லை என்று பிரித்துப் பாருங்கள். மேலாளரிடம் சொல்லத்தான் வேண்டும். செவ்வாய்தோறும் கதைக்கப்போகிற வாடிக்கையாளரிடம் ஒரு தடவை சொன்னால் போதும். பஸ் கொண்டக்டரிடம் எதற்கு? அவருக்கு வேண்டியது இடத்தின் பெயர். பத்து வினாடி எடுத்தால் எடுக்கட்டும், பஸ் அதற்குள் தெஹிவளைக்கு வந்துவிடாது.

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கொண்டு வந்த தரகர் அம்மாவிடம் "பிள்ளை தேநீரைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றால் போதும், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்றாராம். அம்மா அதை என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். நான் தேநீரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அவரிடம் என்ன வேலை, எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன், மூன்று இடத்தில் திக்கியது. அந்தக் கல்யாணம் சரிவரவில்லை. ஆனால் அம்மா அதற்குப் பிறகு எந்தத் தரகரையும் அப்படிக் கதைக்க விடுவதில்லை.

ஒரு சின்ன விஷயம், போன் எடுக்கும்போது எழுந்து நின்று கதையுங்கள். எனக்கு மூச்சுக்கு இடம் கிடைக்கிறது. சொல்லப்போவதை வசனம் வசனமாகத் தாளில் எழுதி வைக்காதீர்கள், அந்தச் சொல் வருகிறது வருகிறது என்று கண் முன்னமே பார்த்துப் பயந்துவிடும். கேட்க வேண்டிய விஷயங்களை ஒற்றைச் சொல்லில் குறித்து வைத்தால் போதும்.


கொட்டாஞ்சேனையான் எழுதியது:

கோபம் இல்லை பிள்ளை. நான் பழகிய காலம் வேறு, சொல்லாமல் விட்டால் தெருவோரத்தில் குந்த வேண்டி வந்த காலம். மன்னிக்கவும் என்ற சொல்லை நானும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், எத்தனை வருடம் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நாளையிலிருந்து விட்டுப் பார்க்கிறேன்.


தாய்மனசு எழுதியது:

இடையில் கேட்பதற்குக் குறை நினைக்காதீர்கள். என் மகனுக்கு நாலு வயது. மூன்று மாதமாக "அம்-அம்-அம்மா", "நா-நா-நான்" என்று வருகிறது. அவனுடைய சித்தப்பாவுக்கும் திக்கும். மாமியார் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்கிறார். நேர்சரி ரீச்சர், வீட்டில் தமிழும் நேர்சரியில் இங்கிலிஷும் என்பதால்தான் குழம்புகிறான், ஒரு மொழியை நிறுத்துங்கள் என்கிறார். மிஸ், நான் அவனோடு தமிழில் கதைப்பதை நிறுத்த வேண்டுமா? அதை நினைத்தாலே அழுகை வருகிறது.


மொழிமுற்றம் எழுதியது:

நிறுத்தவே வேண்டாம் அம்மா. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் திக்குவாய் வருவதில்லை. தாய் தன் பிள்ளையோடு தன் மொழியில் கதைப்பதை நிறுத்தினால் பிள்ளைக்கு நட்டம்தான்.

பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இந்த வயதில் கொஞ்சக் காலம் திக்குவார்கள், பெரும்பாலானோருக்கு அது போய்விடும். ஆனால் ஆண் பிள்ளை, குடும்பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்பதால் காத்திருந்து பார்க்காமல் இப்போதே காட்டுங்கள். பொரளையில் உள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பேச்சு சிகிச்சை இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிட்னியில் உருவாக்கிய லிட்கம் என்ற முறை ஒன்று உண்டு, அதில் சிகிச்சையாளர் தாய் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுப்பார், அவர்கள்தான் வீட்டில் தினமும் பிள்ளையோடு செய்வார்கள்.

அதுவரைக்கும், அவன் சொல்லும் வரை காத்திருங்கள், வசனத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். "மெதுவாகச் சொல்லு, மூச்சை இழுத்துச் சொல்லு" என்று அவனைத் திருத்த வேண்டாம், நீங்களே கொஞ்சம் ஆறுதலாகக் கதையுங்கள். அவனாக "ஏன் எனக்கு வருதில்லை" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள், "சில நேரம் சொல் ஒட்டிக்கொள்ளும், பரவாயில்லை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். பெற்றோர் அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், இப்போது அப்படி இல்லை. மூடி மறைத்தால் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று அவனாக முடிவு செய்துகொள்வான்.

வசம்பு வேண்டாம். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், எங்கள் ஆச்சியும் அதைப் பேர் சொல்லா மருந்து என்பார். ஆனால் திக்குவாய்க்கு அது உதவாது, அதில் உள்ள அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968இலேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். நாக்கில் இவனுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று மாமியாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.


கடலோரக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன்.

அண்ணை சொன்னபடி மேலாளரிடம் போனேன். கொன்னையைப் பற்றியும் சொன்னேன், வியாழக்கிழமைப் பொய்யையும் சொன்னேன். பொய்யைச் சொல்லும்போதுதான் அதிகம் அடைத்தது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு "கொன்னை எனக்குப் பிரச்சினை இல்லை, அவர்கள் எடுத்த போனை எடுக்கவில்லை என்று சொன்னால்தான் பிரச்சினை" என்றார். அழைப்புகளை வேறு யாருக்காவது மாற்றவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்று கை நடுங்கியது.

செவ்வாய் ஐந்து அழைப்பு. அக்காவின் வசனத்தை மழைநாள் சொன்னபடி மன்னிப்பு இல்லாமல் வைத்துக்கொண்டேன், எழுந்து நின்றுதான் எடுத்தேன். ஒருவர் வைத்துவிட்டார், திரும்ப எடுத்தேன், இரண்டாம் முறை கேட்டார். இன்னொருவர் என் பெயரை அவரே ஊகித்து வேறு ஏதோ பெயர் சொன்னார், "இல்லை" என்று சொல்லிவிட்டு என் பெயரைச் சொன்னேன், நீளமாக எடுத்தது. மற்ற மூன்றும் போனது. ஆவணங்கள் நாலு பேரிடமிருந்து வந்துவிட்டன. மேசையில் இருந்த இரண்டு பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

தேசிய வைத்தியசாலையில் காட்டியிருக்கிறேன், அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். கொத்தும் சாப்பிட்டேன், முட்டைக் கொத்து.

பஸ்ஸைப் பற்றி எழுதத்தான் வந்தேன். நேற்று நல்ல மழை. கொண்டக்டர் வந்து கேட்டார். "சவோய்" நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு "வெ" என்று தொடங்கினேன், அடைத்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கொண்டக்டர் "வெள்ளவத்தை நேத?" என்று அவரே சொல்லி டிக்கெட்டையும் கிழித்துவிட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கலாம். அவர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்க, நான் அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, "வெள்ளவத்தை" என்று முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கை நீட்டினேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ராமகிருஷ்ண வீதிச் சந்தியில் இறங்கினேன், வீட்டுக்கு இரண்டு நிமிடம். அம்மா கதவைத் திறந்துவிட்டு, இந்த மழையில் எப்படி நனையாமல் வந்தாய் என்று கேட்டார். ஆறு வருடக் கதையையும் நேற்று இரவே அவரிடம் சொல்லிவிட்டேன்.

சிகிச்சையாளர் அக்காவிடம் ஒரு கேள்வி: "வெ"வில் அடைக்கும்போது நாக்கு எங்கும் தொடவில்லையே, உதடும் பல்லும்தானே, அங்கே அழுத்தத்தை எப்படிக் குறைப்பது?


மொழிமுற்றம் எழுதியது:

கீழுதட்டில் மேல்பல் இலேசாகப் படட்டும், கடிக்க வேண்டாம். குரலை முதலில் தொடங்கி "வ்வ்வ்" என்று தேனீ போல இரைய விடுங்கள், இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதட்டை விட்டு "எ"க்குப் போங்கள். "வீடு", "வாழை", "வேப்பிலை" என்று தொடங்கி வீட்டில் பழகுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது இந்தப் பஸ் கதையையும் மறக்காமல் அவர்களிடம் சொல்லுங்கள்.